மூடப்படுவது எது? டிஸ்னி வேர்ல்ட் மோனோரயில் வதந்திகள் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

'கடையை மூடிவிட்டார்கள்' என்று யாராவது சொன்னால் காலையில் வந்து பார்க்கலாம் என்று திரும்பிப் போகிறோம். 'கடையை இழுத்து மூடிவிட்டார்கள்' என்று சொன்னால் வேறு கடை தேடுகிறோம். இரவுப் பூட்டையும் நிரந்தரப் பூட்டையும் பிரித்துக் காட்ட நமக்கு 'இழுத்து' என்ற ஒரு சொல் போதுமானதாக இருக்கிறது. அந்த ஒரு சொல்லை வேண்டுமென்றே விழுங்கிவிட்டு எழுதப்படும் தலைப்புகளைப் பற்றியது இந்த ஆய்வு. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்ட் என்ற கேளிக்கைப் பூங்கா வளாகத்தில், ஒற்றை உத்திரத்தின் மேல் ஓடும் ரயிலான மோனோரயில் 'மூடப்படுகிறது' என்ற செய்தி, ஆண்டுக்கு ஆண்டு வெவ்வேறு உடைகளில் இணையத்தில் சுற்றி வருகிறது. அந்த மோனோரயில் 1971 அக்டோபர் 1 அன்று பூங்காவோடு சேர்ந்தே ஓடத் தொடங்கியது, இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இவ்வகைத் தலைப்புகளின் வார்ப்பு பெரும்பாலும் ஒன்றுதான். 'டிஸ்னி உறுதி செய்தது: புகழ்பெற்ற போக்குவரத்துச் சேவை மூடப்படுகிறது' என்பது போன்ற ஒரு வரியும், வெறிச்சோடிய நடைமேடையின் படமும் மேலே நிற்கும். எந்தச் சேவை, எந்தத் தடம், எந்தத் தேதி, எத்தனை நாள் ஆகிய நான்கில் ஒன்றுகூடத் தலைப்பில் இராது. சொடுக்கி உள்ளே போனால், முதல் மூன்று பத்திகள் மோனோரயிலின் வரலாற்றைச் சொல்லும். அவற்றின் இடையே விளம்பரங்கள் வரும். நான்காவது அல்லது ஐந்தாவது பத்தியில்தான், ஒரு குறிப்பிட்ட தடத்தில் குறிப்பிட்ட சில நாட்களுக்குப் பகலில் சில மணி நேரம் பராமரிப்புப் பணி நடைபெறும் என்ற உண்மை தலைகாட்டும். கட்டுரையில் பொய்யென்று சுட்டிக்காட்ட ஒரு வாக்கியமும் அகப்படாது. ஆனாலும் படித்தவர்களில் பாதிப்பேர் பொய்யான முடிவோடுதான் வெளியேறுவார்கள்; தலைப்பை மட்டும் பார்த்துப் பகிர்ந்தவர்கள் அனைவரும் பொய்யைத்தான் பகிர்ந்திருப்பார்கள். வெறும் பொய்யைக் காட்டிலும் இது பிடிப்பதற்குக் கடினமானது என்பதாலேயே தனியாக ஆராயத் தகுந்தது.

அமைப்பும் அதன் வேலையும்

வதந்தியை எடைபோட, முதலில் இந்த மோனோரயில் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ராட்டினத்தைப் போல ஏறி இறங்கும் விளையாட்டு அல்ல அது. வளாகத்தின் பூங்காக்களில் ஒன்றான மேஜிக் கிங்டத்துக்குக் காரில் வருபவர்கள் பூங்கா வாசலில் வண்டியை நிறுத்த முடியாது. செவன் சீஸ் லகூன் என்ற செயற்கை ஏரியின் தென்கரையில், டிக்கெட் அண்ட் டிரான்ஸ்போர்ட்டேஷன் சென்டர் என்ற முனையத்தை ஒட்டிய பரந்த வாகன நிறுத்தத்தில் வண்டியை விட்டுவிட்டு, அங்கிருந்து மோனோரயிலிலோ படகிலோ ஏரியைக் கடந்துதான் பூங்காவை அடைகிறார்கள். சாலையையும் கார்களையும் பார்வையிலிருந்து மறைத்து, ஓர் ஏரியைக் கடந்த பிறகே கோட்டை தெரிய வேண்டும் என்று திட்டமிட்டே இவ்வாறு அமைத்திருக்கிறார்கள்.

ஏரியைச் சுற்றி இரண்டு இணைத் தடங்கள் உள்ளன. எக்ஸ்பிரஸ் தடம் முனையத்துக்கும் மேஜிக் கிங்டத்துக்கும் மட்டும் போய் வருகிறது. ரிசார்ட் தடம் வழியில் பாலினேசியன், கிராண்ட் ஃப்ளோரிடியன், கன்டெம்பரரி ஆகிய மூன்று விடுதிகளிலும் நிற்கிறது. மூன்றாவது தடம் 1982-இல் எப்காட் பூங்கா திறக்கப்பட்டபோது சேர்ந்தது. மூன்றையும் கூட்டினால் உத்திரத்தின் நீளம் 14.7 மைல், அதாவது ஏறத்தாழ 24 கிலோமீட்டர். இப்போது ஓடும் மார்க் 6 வகை ரயில்கள் 1989-க்கும் 1991-க்கும் இடையே சேவைக்கு வந்தவை. பொம்பார்டியர் நிறுவனம் தயாரித்தவை. ஒவ்வொன்றும் ஆறு பெட்டிகளும் 203 அடி நீளமும் கொண்டது. சிவப்பு, தங்கம், பச்சை, கறுப்பு என்று பக்கவாட்டுப் பட்டையின் நிறமே ஒவ்வொரு ரயிலின் பெயராக இருக்கிறது.

கன்டெம்பரரி விடுதியை ஒருமுறை பார்த்தவர்கள் மறப்பதில்லை. ஆங்கில 'ஏ' எழுத்தின் வடிவில் எழுந்து நிற்கும் அந்தக் கட்டடத்தின் வயிற்றுக்குள் ஒரு பக்கமாக நுழைந்து மறுபக்கமாக ரயில் வெளியேறுகிறது. கீழே உணவகத்தில் காலைச் சிற்றுண்டி சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களின் தலைக்கு மேலே, சத்தமின்றி ஒரு நிழல் நகர்ந்து போகும். குழந்தைகள் கையில் வாஃபிளோடு நிமிர்ந்து பார்ப்பார்கள். விடுதியை ரயிலோடு சேர்த்தே வரைந்திருக்கிறார்கள் என்பதால், ரயிலை எடுத்துவிட்டால் அந்தக் கட்டடம் ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கே விளக்கம் இல்லாமல் போகும். இது உணர்ச்சிவசமான வாதமாகத் தோன்றலாம். ஆனால் ரிசார்ட் தடத்தில் உள்ள மூன்று விடுதிகளும் டிஸ்னி வேர்ல்டின் விலை உயர்ந்த விடுதிகளில் சேர்ந்தவை என்பதையும், மோனோரயில் வசதி அந்த வாடகைக்குச் சொல்லப்படும் முதன்மைக் காரணங்களில் ஒன்று என்பதையும் நினைத்துப் பார்த்தால், இதில் கணக்கும் இருப்பது புரியும்.

வதந்திக்கு விதையிட்ட உண்மைகள்

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். இங்கே நெருப்பு உண்மையிலேயே இருந்தது. ஆனால் அது அடுப்பு நெருப்பு, வீடு எரியும் நெருப்பு அல்ல. சேவை நின்ற சந்தர்ப்பங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால்தான் இந்த வேறுபாடு விளங்கும்.

மிகக் கடுமையான சந்தர்ப்பம் 2009 ஜூலை 5 அதிகாலை நேர்ந்தது. நள்ளிரவைத் தாண்டி, அன்றைய சேவையை முடித்துக்கொண்டிருந்த வேளையில், எப்காட் தடத்தில் இருந்த பிங்க் ரயிலைப் பின்னோக்கிச் செலுத்தி, தடம் மாற்றும் உத்திரத்தின் வழியாகப் பணிமனைக்குப் போகும் பாதைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அந்த உத்திரம் சரியான நிலைக்கு மாற்றப்படவில்லை. பிங்க் ரயில் வந்த தடத்திலேயே பின்னோக்கிச் சென்று, முனையத்தில் நின்றிருந்த பர்ப்பிள் ரயிலின் முன்பக்கத்தில் மோதியது. பர்ப்பிள் ரயிலின் 21 வயது ஓட்டுநர் உயிரிழந்தார். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. உத்திரம் மாற்றப்படாததே உடனடிக் காரணம் என்றும், ரயில்களைப் பின்னோக்கிச் செலுத்துவதற்கு உரிய நடைமுறை விதிகள் இல்லாமல் பாதுகாப்பற்ற வழக்கம் நிலவியது அதற்குத் துணைபோனது என்றும் அந்த வாரியம் முடிவு கூறியது. ஓட்டுநர் பின்பக்க அறைக்கு மாறி உட்காராமல், போகும் திசையைப் பார்க்க முடியாத நிலையிலேயே ரயிலைச் செலுத்தும் வழக்கம் அது.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு மோனோரயிலை நிரந்தரமாக மூட வேண்டிய நியாயம் என்றைக்காவது எழுந்தது என்றால் அது இந்த விபத்துதான்; பூங்கா திறந்த நாளிலிருந்து இந்த அமைப்பில் நேர்ந்த முதல் உயிரிழப்பு அது. அப்போதும் சேவை மறுநாளே திரும்பியது. மோதிய இரு ரயில்களின் சேதமடையாத பாகங்கள் மறுபயன்பாட்டுக்கு வந்தன. டீல், பீச் என்ற புதிய பெயர்களில் இரண்டு ரயில்கள் அடுத்த சில ஆண்டுகளுக்குள் தடத்தில் ஏறின. பிங்க், பர்ப்பிள் என்ற பெயர்கள் மட்டும் திரும்பி வரவில்லை. பின்னர் ரயில்களைத் தானியக்க முறைக்கு மாற்றும் பணிக்காகப் பகல் நேரங்களில் சில தடங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. 'மோனோரயில் நண்பகலில் மூடல்' என்ற அறிவிப்பிலிருந்து 'நண்பகலில்' என்ற சொல்லை உதிர்த்துவிட்டால் என்ன மிஞ்சும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

2018 ஜனவரியில் ஒரு கைப்பேசிக் காணொளி பரவியது. ஓடும் ரயிலின் கதவு திறந்தபடி இருக்கிறது. கீழே உத்திரமும் அதற்கும் கீழே தரையும் ஓடுகின்றன. உள்ளே பயணிகள் எதிர்ப்பக்கமாக ஒதுங்கி நிற்கிறார்கள். யாருக்கும் காயம் இல்லை. ஆனால் அந்தச் சில நொடிக் காட்சி, ரயில்களுக்கு வயதாகிவிட்டது என்ற பொதுவான முணுமுணுப்புக்கு ஓர் உருவம் கொடுத்துவிட்டது. அதன் பிறகு வந்த ஒவ்வொரு 'மூடல்' கதையிலும் இந்தக் காணொளி சாட்சியாக இழுத்து வரப்பட்டது. ஒரு கதவின் கோளாறு ஒரு பராமரிப்புப் பிரச்சினையைக் காட்டும் சான்று. அமைப்பையே கலைக்க முடிவு எடுத்தாகிவிட்டது என்பதற்கு அது சான்று ஆகாது.

அடுத்தது பெருந்தொற்று. 2020 மார்ச் மாதத்தில் பூங்காக்கள் முழுவதும் மூடப்பட்டன. ஜூலையில் மேஜிக் கிங்டம் திறந்தபோது ஏரியைச் சுற்றும் மோனோரயிலும் திரும்பியது. எப்காட் தடம் மட்டும் திரும்பவில்லை. அது 2021 ஜூலை 18 அன்றுதான் மீண்டும் ஓடத் தொடங்கியது. இடைப்பட்ட காலம் ஏறத்தாழ பதினாறு மாதங்கள். இந்த இடைவெளியில் பாலினேசியன் விடுதியும் புதுப்பிப்புப் பணிக்காக மூடியிருந்தது; அங்குள்ள நிலையத்தில் ரயில்கள் நிற்காமல் கடந்தன. இருண்ட ஒரு தடமும் வெறுமையான ஒரு நிலையமும் ஒரே நேரத்தில் கண்ணில் பட்டபோது, எப்காட் தடம் இனி வராது என்ற கதைக்கு ஆள் சேர்வது எளிதாயிற்று. நிறுவனம் தேதி எதையும் சொல்லாமல் பல மாதங்கள் மௌனமாக இருந்ததும் அதற்கு உரமிட்டது. இந்த ஒரு காலகட்டத்தில் வதந்தியை நம்பியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். காலவரையின்றி மூடப்பட்ட கல்லூரி இரண்டு வாரத்தில் திறக்கும் என்று நமக்கு அனுபவத்தில் தெரியும். பதினாறு மாதம் என்பது வேறு.

2023-இல் வந்த விதை அரசியல் விதை. டிஸ்னிக்கும் ஃப்ளோரிடா ஆளுநர் ரான் டிசாண்டிஸுக்கும் இடையே மூண்ட மோதலில், டிஸ்னி வேர்ல்ட் அமைந்துள்ள சிறப்பு மாவட்டத்தின், அதாவது அந்த வளாகத்துக்கென இயங்கும் தனி உள்ளாட்சி அமைப்பின், நிர்வாகம் அந்த ஆண்டு பிப்ரவரியில் மாநிலத்தின் கைக்குப் போனது. ஏப்ரலில் செய்தியாளர்களிடம் பேசிய ஆளுநர், மோனோரயிலை இனி மாநிலமே ஆய்வு செய்யும் என்ற பொருளில் பேசினார். பக்கத்து நிலத்தில் சிறைச்சாலை கட்டலாம் என்று சிலர் யோசனை சொல்வதாக அவர் கேலியாகக் குறிப்பிட்டதும் அதே சந்திப்பில்தான். மே மாதத் தொடக்கத்தில் சட்டமன்றம் ஒரு போக்குவரத்து மசோதாவில் அதற்கான திருத்தத்தைச் சேர்த்து நிறைவேற்றியது. அதுவரை டிஸ்னியே தன் மோனோரயிலை ஆய்வு செய்து வந்தது. இனி மாநிலப் போக்குவரத்துத் துறையின் பாதுகாப்புக் கண்காணிப்பு என்பதே மாற்றத்தின் சாரம். டிஸ்னியின் பெயரைச் சொல்லாமல், இரண்டு அடுத்தடுத்த கவுன்ட்டிகளில் (மாநிலத்தின் நிர்வாகப் பிரிவுகளில்) பரவிய சிறப்பு மாவட்டத்தில் ஓடும் அமைப்புகள் என்று வரையறுத்திருந்தார்கள். அந்த வரையறையில் வேறு யார் வருவார்கள் என்று எவரும் கேட்கவில்லை. கண்காணிப்பு அதிகாரம் என்ற சொல் தலைப்புகளில் 'அரசு மூடப் போகிறது' என்று மாறியதற்கு இரண்டு நாள்கூட ஆகவில்லை. சட்டத்தின் நோக்கம் பழிவாங்கல் என்று டிஸ்னி தரப்பில் இருந்தவர்கள் கருதினார்கள். அது நியாயமான விவாதம். ஆனால் அந்த விவாதமும் ரயில் நிற்கப் போகிறது என்ற கூற்றும் வெவ்வேறு.

புயல்களையும் இங்கே சேர்க்க வேண்டும். 2017-இல் இர்மா, 2022-இல் இயன், 2024 அக்டோபரில் மில்டன் ஆகியவை வந்தபோது பூங்காக்களோடு போக்குவரத்தும் நிறுத்தப்பட்டுப் புயல் கடந்ததும் திரும்பியது. புயல் வீசும் நாளில் தேதியோடு வரும் நிறுத்த அறிவிப்பு பயனுள்ள செய்தி. அதே அறிவிப்பின் படத்தைத் தேதியை வெட்டிவிட்டு ஆறு மாதம் கழித்துப் போட்டால், அது வேறு பொருளாகிவிடுகிறது.

அண்டை அமைப்புகள்

மோனோரயிலுக்கு மட்டும் இந்தத் தலைவிதி நேரவில்லை. 2019 செப்டம்பர் 29 அன்று ஸ்கைலைனர் என்ற கம்பிவட ஊர்தி திறக்கப்பட்டது. ஆறே நாளில், அக்டோபர் 5 மாலை, ஒரு நிலையத்தில் பெட்டிகள் ஒன்றன் மேல் ஒன்று முட்டி நின்றுவிட, தடத்தில் சிக்கியவர்கள் மூன்று மணி நேரத்துக்கு மேல் அந்தரத்தில் தொங்கினார்கள். குளிர்சாதனம் இல்லாத பெட்டிகள் அவை. காற்றோட்டத்தை நம்பி அமைக்கப்பட்டவை. ஆகவே பயணிகளின் கோபம் முழுக்க நியாயமானது. சேவை அக்டோபர் 14 அன்று திரும்பியது. ஆனால் அந்த ஒன்பது நாளில் ஸ்கைலைனரின் 'முடிவு' பல முறை அறிவிக்கப்பட்டாகிவிட்டது. அதன் பின்னும், ஃப்ளோரிடாவின் கோடைப் பிற்பகல்களில் இடி மின்னல் வரும்போதெல்லாம் பாதுகாப்புக்காக ஸ்கைலைனர் நிறுத்தப்படுகிறது. ஜூலை மாதத்தில் அது ஏறக்குறைய அன்றாட நிகழ்ச்சி. நம் ஊரில் மழை வந்தால் மின்சாரம் நிற்பதைப் போன்ற ஒன்றைத் தலைப்புச் செய்தியாக்குவதற்குத் தனித் திறமை வேண்டும்.

இன்னும் பொருத்தமான உதாரணம் மேஜிக் கிங்டத்தைச் சுற்றும் நீராவி ரயில். ட்ரான் என்ற புதிய ராட்டினத்தைக் கட்டுவதற்காக அதன் தடம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. கட்டுமானமும் பெருந்தொற்றும் சேர்ந்து நான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன. மெயின் ஸ்ட்ரீட் நிலையத்தில் ஓர் எஞ்சினை நிறுத்தி வைத்து மக்கள் படம் எடுத்துக்கொள்ள விட்டிருந்தார்கள். ஓடாத ரயிலைக் காட்சிப்பொருளாக நிறுத்துவது அருங்காட்சியகத்துக்கு அனுப்புவதன் முதல் படி என்று எழுதியவர்கள் பலர். 2022 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்பு, ரயில் மீண்டும் புறப்பட்டது. 'திரும்பாது' என்று எழுதிய அதே பக்கங்கள் 'திரும்பியது' என்றும் எழுதின. இரண்டுக்கும் விளம்பர வருமானம் ஒன்றுதான்.

மக்கள் ஏன் நம்புகிறார்கள்

வதந்தியை நம்புபவர்களை ஏமாளிகள் என்று ஒதுக்குவது எளிது, அது சரியல்ல. உண்மையிலேயே மூடப்பட்டவற்றின் பட்டியல் நீளமானது. மேஜிக் கிங்டத்தின் பழைய கம்பிவட ஊர்தியான ஸ்கைவே 1999 நவம்பரில் நின்றது. விமான நிலையத்திலிருந்து விடுதிகளுக்குக் கட்டணமின்றி ஓடிய மேஜிக்கல் எக்ஸ்பிரஸ் பேருந்துகள் 2005-இல் தொடங்கி 2022 ஜனவரியோடு முடிந்தன. மேஜிக் கிங்டத்தின் லிபர்ட்டி ஸ்கொயர் பகுதியில் இருந்த துடுப்புச் சக்கரப் படகு, அது சுற்றி வந்த ஆற்றோடு சேர்ந்து, 2025 ஜூலையில் விடைபெற்றது. கார்ஸ் படங்களை அடிப்படையாகக் கொண்ட புதிய பகுதிக்கு இடம் தேவைப்பட்டது. கலிஃபோர்னியாவின் டிஸ்னிலாண்டில், உயரத் தடத்தில் மெல்ல நகரும் ஊர்தியான பீப்பிள்மூவர் 1995 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டது. அதன் தடத்தில் பின்னர் ஓடிய ராக்கெட் ராட்ஸ் என்ற வேக ஊர்தி 2000-இல் கைவிடப்பட்டது. அந்தத் தடம் இன்றும் இடிக்கப்படாமல், எதுவும் ஓடாமல், டுமாரோலாண்ட் பகுதியின் தலைக்கு மேலே வெறுமனே வளைந்து கிடக்கிறது. அதற்குக் கீழே நடந்து போகும் ஒருவருக்கு, ஃப்ளோரிடாவின் மோனோரயிலுக்கும் இதே கதி நேரலாம் என்ற அச்சம் எழுவதில் வியப்பில்லை.

ஆனால் இந்த உண்மை மூடல்களில் ஒரு பொது அம்சம் இருக்கிறது. மேஜிக்கல் எக்ஸ்பிரஸ் நிற்கப் போகிறது என்பதை நிறுவனமே 2021 ஜனவரி 11 அன்று, ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே அறிவித்தது. படகின் கடைசி நாளும் முன்கூட்டியே தேதியோடு சொல்லப்பட்டது. அந்த நாளில் வழியனுப்பக் கூட்டம் கூடியது. கடைசி நாள் என்பது டிஸ்னிக்கு ஒரு வியாபார நாள்: பிரியாவிடைக்கு மக்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வருவார்கள், நினைவுப்பொருள்கள் விற்கும். ஐம்பதாண்டு வயதுள்ள, டி-ஷர்ட்டிலிருந்து பொம்மை வரை பொறிக்கப்பட்ட மோனோரயிலை அப்படி ஒரு விடைபெறும் விழாவே இல்லாமல் சத்தமின்றி நிறுத்துவார்கள் என்று நம்புவதற்கு, அந்த நிறுவனத்தின் வணிக புத்தியை மிகக் குறைத்து மதிப்பிட வேண்டியிருக்கும்.

தலைப்பின் பட்டறை

இந்தத் தலைப்புகள் தற்செயலாகப் பிறப்பவை அல்ல. டிஸ்னி பூங்காக்களைப் பற்றி மட்டும் நாள் முழுக்க எழுதும் பக்கங்களும் காணொளித் தடங்களும் ஏராளம். பூங்காவில் ஒவ்வொரு நாளும் புதிதாகச் செய்தி பிறப்பதில்லை. ஆனால் பக்கம் நாளுக்குப் பத்து இடுகை போட்டாக வேண்டும். ஆகவே டிஸ்னி தன் நாட்காட்டியில் வெளியிடும் பராமரிப்பு அட்டவணை, பசித்தவனுக்குக் கிடைத்த பழைய சோறு போல ஆகிறது. ஜனவரியில் ஒரு வாரம் ஸ்கைலைனர் ஆண்டுப் பராமரிப்புக்காக நிற்கும் என்ற வரி, மூன்று வடிவங்களில் மூன்று இடுகைகள் ஆகிறது: மூடப்படுகிறது, மூடப்பட்டது, திறக்கப்பட்டது.

சில சொற்கள் இந்தப் பட்டறையில் தேய்ந்து போயிருக்கின்றன. 'உறுதி செய்தது' என்றால், நிறுவனத்தின் வலைத்தளத்தில் பராமரிப்புத் தேதி இடம்பெற்றது என்று பொருள். 'காலவரையின்றி' என்றால், திறக்கும் தேதி இன்னும் அறிவிக்கப்படவில்லை என்று பொருள். நிரந்தரம் என்று பொருள் அல்ல. மேஜிக் கிங்டத்தின் பீப்பிள்மூவர் பெருந்தொற்றுக்குப் பின் திறக்கும் தேதி பல முறை தள்ளிப்போய் 2021 ஏப்ரலில்தான் திறந்தது; ஒவ்வொரு தள்ளிவைப்பும் 'காலவரையின்றி' என்ற சொல்லுக்கு ஒரு புதிய உயிர் கொடுத்தது. 'புகழ்பெற்ற சேவை' என்று பெயர் சொல்லாமல் விடுவது இன்னொரு உத்தி: மோனோரயிலா, படகா, பேருந்தா என்று தெரிந்துகொள்ளவே சொடுக்க வேண்டும். படத்திலும் சூது உண்டு. கலிஃபோர்னியாவின் டிஸ்னிலாண்டில் 1959-இலிருந்து ஒரு மோனோரயில் ஓடுகிறது. டோக்கியோ டிஸ்னி ரிசார்ட்டில் 2001-இலிருந்து கட்டணம் வாங்கும் மோனோரயில் ஒன்று ஓடுகிறது. மூன்றில் எந்த ஒன்று சில நாள் நின்றாலும், அதிகம் பேருக்குத் தெரிந்த ஃப்ளோரிடா ரயிலின் படமே தலைப்பின் கீழ் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இவற்றுக்கு நடுவே நையாண்டிப் பக்கங்களும் உள்ளன. மவுஸ் ட்ராப் நியூஸ் என்ற தளம் தன்னை நையாண்டித் தளம் என்று வெளிப்படையாகவே சொல்லிக்கொள்கிறது. டிஸ்னி வேர்ல்டில் மது அருந்தும் வயது 18 ஆகக் குறைக்கப்படுகிறது என்று 2022-இல் அது எழுதிய கற்பனைச் செய்தியைப் பலர் உண்மை என்று நம்பிப் பகிர, உண்மை சரிபார்ப்பவர்கள் தலையிட்டு மறுக்க வேண்டியதாயிற்று. நையாண்டியை நான் குறை சொல்லவில்லை. அது முகவரி போட்டு வருகிறது. ஆனால் நையாண்டிப் பக்கத்தின் வரியைத் திரைப்பிடிப்பாக எடுத்து, முகவரியை வெட்டிவிட்டு, வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது அது வதந்தியாகிவிடுகிறது. கறுப்பாக வாந்தி எடுத்தவன் காக்காயாக வாந்தி எடுத்த கதையை நாம் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறோம். இங்கே காக்காயைப் பறக்க விடுபவருக்கு ஒவ்வொரு சொடுக்குக்கும் காசு கிடைக்கிறது என்பது மட்டுமே புதிது.

உண்மையாக மூடினால் என்ன தெரியும்

வதந்தியை மறுக்க நிறுவனத்தின் அறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை; அத்தகைய வதந்திகளுக்கு டிஸ்னி பெரும்பாலும் பதிலே சொல்வதில்லை. ஆனால் இந்த அளவு பெரிய அமைப்பு நிற்கப் போகிறதென்றால் அதன் தடயங்கள் தரையில் தெரிந்தே தீரும். முனையத்திலிருந்து மேஜிக் கிங்டம் போகும் கூட்டத்தை யார் சுமப்பது? இப்போது எக்ஸ்பிரஸ் தடமும் பெரிய படகுகளும் அதைப் பகிர்ந்துகொள்கின்றன. படகுகளின் பங்கு மட்டும் போதாது. பூங்கா மூடும் நேரத்தில், வாணவேடிக்கை முடிந்து ஆயிரக்கணக்கானோர் ஒரே சமயத்தில் வாசலுக்கு வரும்போது, படகுத்துறையின் வரிசை எவ்வளவு நீளும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆகவே புதிய படகுகள் வாங்கப்பட வேண்டும் அல்லது முனையத்தில் பெரிய பேருந்து நிலையம் கட்டப்பட வேண்டும். டிஸ்னி வேர்ல்டின் கட்டுமானங்களுக்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியும், நீர்நிலை தொடர்பான பணிகளுக்கு நீர்மேலாண்மை மாவட்டத்தின் அனுமதியும் தேவை. அவை பொது ஆவணங்கள். அந்த ஆவணங்களைத் துருவிப் பார்ப்பதையே பொழுதுபோக்காகக் கொண்ட ரசிகர்கள் இருக்கிறார்கள். புதிய ராட்டினங்கள் பலவற்றின் வரைபடங்கள் அறிவிப்புக்கு முன்பே அவர்கள் கண்ணில் பட்டிருக்கின்றன.

உண்மையில் தரையில் தெரிவது எதிர்த்திசையில் இருக்கிறது. கிராண்ட் ஃப்ளோரிடியனிலிருந்து மேஜிக் கிங்டத்துக்கு 2020-இல் ஒரு நடைபாதை திறக்கப்பட்டபோது, மோனோரயிலுக்கு மாற்று தயாராகிவிட்டது என்று சிலர் எழுதினார்கள். நடைபாதை வந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. மோனோரயில் அதன் பக்கத்திலேயே ஓடுகிறது. 2021-இல் எப்காட் தடத்தை மீட்டெடுத்ததும் இதே பக்கம்தான் சாய்கிறது: கைவிட நினைக்கும் தடத்துக்குப் பதினாறு மாதம் கழித்து ஆள் அமர்த்தி உயிரூட்ட மாட்டார்கள். ரயில்களுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது என்பதும், என்றோ ஒருநாள் புதிய ரயில்கள் தேவைப்படும் என்பதும் மறுக்க முடியாதவை. 1989-இல் மார்க் 4 வகையிலிருந்து மார்க் 6 வகைக்கு மாறத் தொடங்கியபோது தடம் அப்படியே இருந்தது, வண்டிகள்தான் மாறின. பழைய வண்டிகளில் இரண்டு லாஸ் வேகஸுக்குப் போய் அங்கும் சில ஆண்டுகள் ஓடின.

இந்தத் தலைப்புகளால் பாதிக்கப்படுபவர்கள் யார் என்று பார்த்தால், நாள்தோறும் பூங்காவைப் பற்றிப் படிக்கும் ரசிகர்கள் அல்லர், அவர்களுக்குப் பழகிவிட்டது. வாழ்நாளில் ஒருமுறை, பல மாதச் சேமிப்பில் போகத் திட்டமிடும் குடும்பம்தான் அடிபடுகிறது. அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வரும் பெற்றோரை ஆர்லாண்டோ அழைத்துப் போகும் தமிழ்க் குடும்பங்களும் இதில் அடக்கம். அம்மாவுக்கு முழங்கால் வலி. அதிகம் நடக்கக் கூடாது. அதனால் கூடுதல் வாடகை கொடுத்து மோனோரயில் நிற்கும் விடுதியில் அறை எடுக்கலாம் என்று முடிவு செய்திருக்கும் வேளையில், குடும்பக் குழுவில் 'மோனோரயிலை மூடிட்டாங்களாமே' என்று சித்தப்பா ஒரு படத்தை அனுப்புகிறார். அறையை மாற்றுவதா, பயணத்தைத் தள்ளுவதா என்று இரண்டு நாள் குழப்பம். அந்தக் குழப்பத்துக்கு விலை எவ்வளவு என்று எந்தத் தளமும் கணக்குப் பார்ப்பதில்லை.

மூடப்படாத ஒன்றைப் பற்றி இத்தனை தலைப்புகள் வந்திருக்க, உண்மையிலேயே நிரந்தரமாக முடிந்துபோன ஒன்றைப் பற்றி இப்போது எவரும் எழுதுவதில்லை. 2009 விபத்து வரை, நடைமேடைப் பணியாளரிடம் கேட்டால், இடமிருக்கும்போது நான்கு பேர் வரை ஓட்டுநரோடு முன் அறையில் உட்கார்ந்து போகலாம். வளைந்த பெரிய கண்ணாடிக்கு முன்னால், உத்திரம் நேரே தம்மை நோக்கி ஓடிவருவதைக் குழந்தைகள் பார்த்துக்கொண்டு போவார்கள்; இறங்கும்போது துணை ஓட்டுநர் உரிமம் என்று அச்சடித்த ஒரு சிறிய அட்டையைக் கொடுத்து அனுப்புவார்கள். விபத்து நடந்த அன்றோடு அது நின்றது. அதன் பிறகு திறக்கப்படவே இல்லை. அந்த அட்டைகள் இப்போது பழைய ஆல்பங்களுக்குள் இருக்கின்றன.